செந்திலின் இடுப்பளவு

தையல்காரனுக்கு முகம் மறந்துபோகும், இடுப்பளவு மறக்காது. சொன்ன தேதிக்குத் துணி கொடுக்காமல் தினமும் திட்டு வாங்கும் சக தையல்காரர்களே, ஒரத்தநாட்டில் முப்பத்தாறு வருடமாக மிஷின் மிதிக்கிற என் அளவு நோட்டில் நாலு வரி இது.

முப்பது அங்குலம்

உரக்கடையில் வேலை பார்க்கும் செந்திலுக்குத் தீபாவளிக்குப் பேன்ட்டும் சட்டையும் தைத்த அளவு. பொங்கல் கழித்துச் சட்டையைத் திரும்பக் கொண்டுவந்தான். காலருக்குள் மைக் வைத்து யாரோ தன் நினைப்பைக் கேட்கிறார்கள், காதுக்குள் ஏசுகிறார்கள் என்றான். ஆறுதலாக இருக்கட்டுமென்று காலரைப் பிரித்து, எதையோ எடுத்து எறிவதுபோல் நடித்தேன். அவன் முகம் வெளுத்தது.

“அப்ப நெசமாவே இருந்திருக்கு. அம்மாதான் இல்லன்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு, மாமா.”

இருபத்தெட்டு

பத்து நாளில் பேன்ட் நழுவுகிறதென்று அவன் அம்மா அளவெடுக்கக் கூப்பிட்டார். சாப்பிடவில்லை, டாக்டரிடமும் வர மறுக்கிறான் என்று அழுதார். எனக்கு ஆறுதலாகப் பேச வராது. நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னேன்: “தம்பி, காலர்ல நான் எதையும் பாக்கல. எடுத்தேன்னது பொய். நீ பயந்தது நெசம்.”

நழுவும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னான். “பொய்ய ஒத்துக்கிட்ட ஆளு நீங்கதான். தஞ்சாவூர் டாக்டர்கிட்ட போறப்ப பஸ்ல பக்கத்துல உக்காருவீங்களா?”

முப்பத்து நான்கு

தஞ்சாவூருக்குக் கூடவே போய்வந்தேன். அங்கே கொடுத்த மாத்திரையில் ஏசல் அடங்கியது, பசி கூடியது. வேலைக்குத் திரும்பியவனை, “மூட்டையத் தூக்கச் சொன்னா முழுங்கிட்டியாடா?” என்று கடையில் கேலி செய்தார்களாம். பேன்ட்டை என் மேசையில் போட்டு, மாத்திரையை நிறுத்தப்போவதாகச் சொன்னான்.

பேன்ட்டின் பின்தையலில் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் துணி உள்ளே விடுவது என் வழக்கம்; வீண் என்பார்கள். அவன் உட்கார்ந்திருக்கும்போதே பிரித்துத் தளர்த்திக் கொடுத்தேன். மூன்று அளவையும் தேதி போட்டுச் சீட்டில் எழுதி, நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். நாலு நாள் கழித்து வந்தான்.

“மருந்த மாத்திக் குடுத்திருக்காங்க மாமா. நானா நிறுத்தாம வந்து சொன்னது நல்லதுன்னாங்க. ஒங்க சீட்ட ஃபைல்லயே வச்சுக்கிட்டாங்க.”

முப்பத்து மூன்று

போன வாரம் புதுத் துணியோடு வந்தான். குரல் இன்னும் எப்போதாவது கேட்கிறதாம். பக்கத்துத் தெரு ரேடியோ மாதிரி, வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறானாம். காலர் வைக்கட்டுமா என்று கேட்க எனக்குக் கூச்சம். அவனே சொன்னான்.

“வச்சே தைங்க. மூடித் தைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ உள்ள காட்டிருங்க மாமா, போதும்.”

முப்பத்தாறு வருடத்தில் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பே நான் முடித்த சட்டை அது ஒன்றுதான் என்பதால், செந்திலுக்கு நன்றி சொல்ல வேண்டியவன் நான்தான்.