ஏழாவது இணைப்பு

சோதனைக்கு இன்னும் ஒரு மணி நேரம். ஆய்வுக்கூட மேசையில் நின்ற குச்சிப்பாலத்தின் ஏழாவது இணைப்பை அவள் தொட்டுப் பார்த்தாள். பசை விரலில் ஒட்டியது.

கட்டடப் பொறியியல் வகுப்பில் அவளுக்குப் பேர் மேஸ்திரி. அப்பா தையல்காரர், பிரித்துத் தைப்பது ரத்தத்திலேயே இருந்தது. யார் எதைச் செய்தாலும் அவள் கண்ணுக்குக் கோணல்தான். போன வருடக் குழு வேலையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போய்க் குடை சாய்ந்தாள். இந்த முறை பாலம் இருபது கிலோ தாங்காவிட்டால், வகுப்புப் பட்டியலிலிருந்து அவள் பெயரையே அடித்துவிடுவார்கள்.

அப்படியிருந்தும் காலை எட்டு மணிக்குத் தனியாக வந்து, தூங்குமூஞ்சி என்று அவர்கள் கூப்பிடும் குழுத்தோழன் ஒட்டிக் காய்ந்திருந்த இணைப்பைப் பிரித்து, மறுபடி ஒட்டியிருந்தாள். பசை இறுக எட்டு மணி நேரம் வேண்டும். சோதனை பதினொன்றுக்கு.

வாயை மூடிக்கொண்டால் பழி அவன் தலையில் விழும்.

"ஏழாவத நான் பிரிச்சுட்டேன்," என்றாள்.

குழுவில் மற்ற மூவரும் திரும்பினார்கள்.

"எதுக்கு?" என்றான் தூங்குமூஞ்சி.

"கோணலா இருந்துச்சு."

"ரெண்டு நாள் அளந்து அளந்து ஒட்டுனேன்!"

"குளிப்பாட்டிப் பவுடர் போட்ட புள்ளைய மறுபடி தொட்டியில முக்கிட்டியேடி, பாவி!" என்றாள் வாயாடி.

கணக்குப்புலி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தான். "கடைசிக் குழு மூணு மணிக்கு. அவங்க மாத்திக்கிட்டா ஏழு மணி நேரம் ஆயிரும். பத்தாது, ஆனா..."

தூங்குமூஞ்சி அதற்குள் ஓடிவிட்டான். அவன் ஓடி அவள் பார்த்ததேயில்லை. கெஞ்சிக் கூத்தாடி, கடைசிக் குழுவின் முறையை வாங்கி வந்தான்.

மூன்று மணி. பேராசிரியை ஒவ்வொரு கிலோவாகத் தொங்கவிட்டார். பதினெட்டில் பாலம் முனகியது. பத்தொன்பதில் வாயாடியின் நகம் மேஸ்திரியின் முழங்கையில் பதிந்தது. இருபது. பேராசிரியை குறித்துக்கொண்டார். இருபத்தொன்றில் படக்கென்று விட்டது, ஏழாவது இணைப்பு.

"அது உன்னுது," என்றான் தூங்குமூஞ்சி. "என்னோடதெல்லாம் நிக்குது, பாத்துக்கோ."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கடைசியில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். 'குழு வேலையில் உங்களுக்குத் திருப்தியா?'

"பொய் எழுதாத, பாத்துட்டேதான் இருக்கேன்," என்றாள் வாயாடி.

'எனக்குத் திருப்தி. அவர்களையும் கேளுங்கள்' என்று மேஸ்திரி எழுதினாள். பக்கத்தில் தூங்குமூஞ்சியின் எழுத்து ஏறுவதும் இறங்குவதுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கை தானாக அந்தத் தாளின் பக்கம் நகர்ந்தது. கையைச் சட்டென்று இழுத்து, தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.