அடையாளம் இல்லாத துணி

ஒன்பது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அப்பா அந்த நீலச் சட்டையை எடுத்து உதறி, தண்ணீர் தெளித்து, இஸ்திரி போட்டு, திரும்ப மேல்தட்டிலேயே வைப்பார். யாரும் உடுத்தாத சட்டை. மூத்த மகள் பெரியவளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

சட்டை தம்பியுடையது. ஒரு சண்டையில் அப்பா, "எங்கேயாவது தொலைஞ்சு போடா!" என்று கத்த, அவனும் சொன்னபடியே தொலைந்துபோனான். பிறந்ததிலிருந்து அவன் கேட்டு நடந்த ஒரே பேச்சு அதுதான் என்று பெரியவள் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இருக்காது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். சலவைக் கடையின் பாதி வேலை அவள் தலையில். வருகிற துணியின் கழுத்துப் பட்டைக்குள் சிவப்பு நூலால் வீட்டுக்கொரு அடையாளம் தைப்பாள். ஒரு வீட்டுக்கு முக்கோணம், இன்னொன்றுக்கு இரட்டைக் கோடு. அடையாளம் போட்டதில் ஒரு கைக்குட்டை குறைந்தாலும் அப்பா கடையையே தலைகீழாகப் புரட்டிவிடுவார். அடையாளம் இல்லாதது தவறினால் யாரும் தேடுவதில்லை. அது கொதிகலன் துடைக்கும் கந்தையாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் காணாமற்போன ஆட்டையும் காசையும், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த கெட்ட குமாரனையும் பற்றிப் பிரசங்கித்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நாலு பேர் முன்னால் வாயே திறக்காத பெரியவள் அன்று வாசலில் போதகரை மடக்கினாள்.

"ஒரு ஆட்டுக்காக மத்த தொண்ணூத்தொம்பதையும் காட்டுல விட்டுட்டுப் போனாரே, அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு ஐயா?"

போதகர் சிரிக்கவில்லை. "குமாரன் கதையில அந்தத் தகப்பன் ரெண்டு தடவை வெளியே வராரும்மா. ரெண்டாவது தடவை யாருக்காகன்னு படிச்சுப் பாரு."

அவள் படிக்கவில்லை. 'பரம பிதாவே' என்று ஜெபம் தொடங்கினாலே வாயை மூடிக்கொள்கிறவள். பிதா எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? இளையவனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு புதன்கிழமை மதியம் தம்பி கடைக்கு எதிர்வரிசையில் வந்து நின்றான், எலும்பும் தோலுமாக. அப்பா சூடான இஸ்திரிப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். விடுதியிலிருந்து வந்திருந்த படுக்கை விரிப்பு கருகி நாறியது. அவனை உள்ளே இழுத்துவந்து நீலச் சட்டையை மாட்டிவிட்டார். கொடியில் காய்கிற மாதிரி அது அவன்மேல் தொங்கியது.

பெரியவள் கருகிய விரிப்பைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் துவைக்கும் தொட்டியடிக்குப் போனாள். தம்பி கதவுவரை வந்தான்.

"அக்கா..."

"அக்காவா? இங்கே வேலைக்காரிதான் இருக்கா. போ, போய் உங்கப்பாகிட்ட கொஞ்சு."

அவன் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார்.

"உள்ளே வாம்மா. நீ வந்தாத்தான் சாப்பிடுவேன்னு உக்காந்திருக்கான்."

"பட்டினி அவனுக்குப் பழக்கம்தானே, கிடக்கட்டும். என் துணி ஒண்ணையாவது என்னிக்காவது தேய்ச்சிருக்கீங்களாப்பா?"

"உன் துணி வேற, என் துணி வேறயா? நம்ம வீட்டுத் துணிக்கு நாம அடையாளம்கூடப் போடறதில்லையே."

"அதைத்தான் சொல்றேன். அடையாளம் இல்லாத துணியை நம்ம கடையில யாரு தேடறாங்க?"

 அப்பா விறுவிறுவென்று உள்ளே போனார். ஒழியட்டும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வந்தவர் கையில் ஊசியும் சிவப்பு நூலும் இருந்தன.

"குனி."

"என்ன பண்றீங்க?"

"அசையாதே. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அவள் போட்டிருந்த மேல்சட்டையின் கழுத்துப் பட்டையைப் புரட்டி, பிடரிக்குப் பின்னால் நின்றபடியே ஒரு வட்டம் தைத்தார். ஊசி இரண்டு முறை தோலில் இறங்கியது.

"குத்துது!"

"அவனைத் தொலைச்சது நான்தான். நீ பக்கத்துலயே இருந்தியா, உன்னையும் தொலைச்சது எனக்குத் தெரியாமப் போச்சு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நீ வர்ற வரைக்கும் நானும் உள்ளே போகல."

சொன்னபடியே ஈரத் தரையில் உட்கார்ந்தார், முழங்கால் மடங்காத மனுஷன். அவள் எவ்வளவு நேரம் முறைத்தும் நகரவில்லை.

"எழுந்திருங்க. சளி பிடிச்சா நான்தான் பார்க்கணும்" என்று கடுகடுத்தபடி கடைசியில் அவள் கையை நீட்டினாள்.

தம்பி இப்போது கடையில் விரிப்பு மடிக்கிறான். "ஓரத்தைச் சேர்த்து மடி" என்பதற்கு மேல் அவள் அவனிடம் பேசுவதில்லை. சனிக்கிழமைகளில் அப்பா அவளுடைய மேல்சட்டையைத் தேய்க்கிறார். மடிப்பு கோணலாகத்தான் விழுகிறது. கழுத்துப் பட்டையில் அந்தக் கோணல் வட்டத்தை அவள் இன்னும் பிரிக்கவில்லை. ஜெபத்தில் வாயைத் திறக்கிறாள். 'பரம' வரை வருகிறது.