மஞ்சள் காட்டாத மானிட்டர்

போட்டோ எடிட்டிங்குக்கு என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளக் காரணம் ஓர் உரக்கடைக் காலண்டர். அதில் என் அண்ணன் வயல் மஞ்சளாக வந்திருந்தது.

நான் தஞ்சாவூரில் கல்லூரி ஆசிரியை. படம் எடுப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபின் முதன்முதலாக ஊருக்குப் போன நாளில், அண்ணனின் சம்பா வயலை ஒரு படம் எடுத்தேன். உரக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் காலண்டருக்குக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பழைய லேப்டாப்பைத் திறந்தால், பயிர் நீலம் பாரித்துத் தெரிந்தது. கொஞ்சம் மஞ்சளை ஏற்றினேன். போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். நீலம் பாரித்தது பயிர் அல்ல, லேப்டாப்பின் திரைதான் என்பது காலண்டர் அச்சாகி வந்தபிறகுதான் தெரிந்தது.

உரக்கடைக்காரர் திட்டவில்லை. "உரம் விக்கிற கடைங்க இது. இந்தப் பயிரைப் பாத்தா யாருங்க என்கிட்ட உரம் வாங்குவா?" என்று மட்டும் கேட்டார். அண்ணனுக்குத்தான் மானம் போய்விட்டது. படத்தில் மோட்டார் கொட்டகை இருந்ததால் அது யார் வயல் என்று ஊருக்கே தெரியும். டீக்கடை, சலூன், கூட்டுறவுச் சங்கம் என்று எங்கே போனாலும் அவர் வயல் மஞ்சள் காமாலை கண்டு சுவரில் தொங்கியது. சிங்கப்பூரிலிருக்கும் சித்தப்பா மகன் வீடியோ காலில் வந்து துக்கம் விசாரித்தான்.

"எல்லாம் உன் ஓட்டை லேப்டாப் பண்ணுன வேலை. ஒழுங்கா கலர் காட்டுற பெட்டி ஒண்ணு வாங்குற வரைக்கும் கேமராவைத் தூக்கிக்கிட்டு என் வயல் பக்கம் வராத," என்றார் அண்ணன்.

சொன்னபடியே செய்தார். குறுவை நட்டார், அறுத்தார். வருஷா வருஷம் நடவுக்கு என்னைக் கூப்பிடுகிறவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அழுகையே வந்தது. நான் படம் எடுக்கப் பழகியதே அந்த வரப்பில்தான். அண்ணன் முகம் கொடுக்காவிட்டால் எனக்கு ஊரே இல்லை.

ஆகவே வாங்கக் கிளம்பினேன். இரண்டு மாதம் யூடியூப் பார்த்ததில் பிராசசர், ராம், எஸ்.எஸ்.டி. எல்லாம் எனக்கு மனப்பாடம். அதில் சிக்கல் இல்லை. மானிட்டரில்தான் மாட்டிக்கொண்டேன். ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். கடைசியில் வீம்பை விட்டு அண்ணனுக்கே போன் போட்டேன். "கலர் சரியா இருக்கான்னு நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்கண்ணே." வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து நின்றார்.

கடையில் ஏழெட்டு மானிட்டர்கள், எல்லாவற்றிலும் ஒரே கிளி. "கலர் எவ்வளவு பளிச்சுனு இருக்கு பாருங்க சார்," என்றார் விற்பனைப் பெண்.

"கிளியைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா," என்று அண்ணன் சட்டைப் பையிலிருந்து இலை வண்ண அட்டையை எடுத்தார். பயிருக்குத் தழைச்சத்து போதுமா என்று இலையோடு ஒட்டிவைத்துப் பார்க்கிற பிளாஸ்டிக் பட்டை அது. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கட்டம் கட்டமாக இருக்கும். அதைப் படம் எடுக்கச் சொன்னார். "வெயில்ல காட்டாத. உடம்பு நிழல்ல வச்சுதான் பாக்கணும்." கடை வாசலில், அவர் நிழலிலேயே வைத்து எடுத்தேன். அந்தப் படத்தை எல்லா மானிட்டரிலும் போடச்சொல்லி, அட்டையைப் பக்கத்தில் பிடித்து, விளக்கு கூசாமலிருக்கத் தோள்துண்டைத் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இது யூரியாவை அள்ளிக் கொட்டுன பச்சை. நாளைக்கே பூச்சி விழும்," என்று பெரிய வளைந்த மானிட்டரைத் தள்ளினார். அடுத்தது தண்ணீர் காணாத பயிராம். கீபோர்டு, மவுஸ் எல்லாம் கலர் கலராக மின்னிய கேமிங் செட்டைப் பார்த்து, "இது தேர்த்திருவிழா," என்று முடித்துவிட்டார். விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார்.

கடைசியில், ஓரத்தில் யாரும் சீண்டாமல் மங்கலாக இருந்த ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். கட்டத்துக்குக் கட்டம் ஒத்துப்போனது.

"இதான் நம்ம பச்சை. பேக் பண்ணச் சொல்லு."

"அது போட்டோ எடிட்டிங்குக்குன்னே வர்ற மாடல் சார்," என்றார் விற்பனைப் பெண். குரலில் கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது.

மதியமே வீட்டில் கம்ப்யூட்டர், மானிட்டர் எல்லாவற்றையும் மாட்டினோம். சாப்பிட்டுவிட்டு அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலண்டர் படத்தின் அசலை, நான் கைவைப்பதற்கு முன்னால் இருந்தபடியே திறந்தேன். வயல் பச்சைப்பசேல் என்று விரிந்தது. "பாத்தீங்களாண்ணே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டேன். கீழ மூலையில் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு மஞ்சள். நான் ஏற்றியது அல்ல. பயிரே மஞ்சள்தான்.

"இங்க மட்டும் ஏண்ணே இப்படி?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேலுரம் போட்டுக்கிட்டே வந்தேன். அந்த மூலை மட்டும்தான் பாக்கி. உனக்கு பிளேட்லெட் எறங்கிப்போச்சு, ஐ.சி.யு.ல வச்சிருக்காங்கன்னு போன் வந்துச்சு. வாளியை வரப்புலயே வச்சிட்டு வந்துட்டேன். அப்புறம் எங்க போறது? நீ எந்திரிச்சு உக்கார்ற வரைக்கும் உன்கூடத்தானே இருந்தேன்."

"ஏண்ணே சொல்லல?"

"இதைப் போயி என்னன்னு சொல்றது? லேப்டாப் மேல பழியைப் போட்டா முடிஞ்சுது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "அந்த மூலையை மட்டும் பச்சையாக்கிடு பாப்பா. உரக்கடைக்காரரு மறுபடி கேட்டாலும் கேப்பாரு."

ஒரு வருஷமாக இந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு கோபம்!

அவர் கேட்டபடி மூலையைப் பச்சையாக்கி ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். தன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். இன்னொரு பிரதியில் நான் கைவைக்கவில்லை. அது என் மானிட்டருக்கு மேலே சுவரில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த மூலையைக் காட்டி, "இங்க மட்டும் கலர் போயிடுச்சா?" என்று கேட்பார்கள்.

"இல்லைங்க, கலர் சரியாத்தான் இருக்கு," என்பேன்.