என் வீட்டுக்காரருக்காக நான் கேட்ட கண்ணீர்

என் மகள் இறந்த அன்று எங்கள் வீட்டில் அழாமல் நின்றவர் ஒருவர்தான். அவளைப் பெற்ற அப்பா.

ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியாரை நம்பி வாழ்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் அந்தத் தாய் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

தேவதானத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். தென்னையும் மாவும் வைத்திருக்கிறோம். ஊர்க்காரர்கள் அவரை இரண்டு தடவை பஞ்சாயத்துத் தலைவராக்கினார்கள். கண்மாய்த் தண்ணீர்ச் சண்டை, வரப்புத் தகராறு, தோப்புக்குள் யானை இறங்கிவிட்ட செய்தி, எதுவானாலும் விடியும்போதே எங்கள் வாசலுக்கு வந்துவிடும். இவர் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் அடங்கும். வீட்டிலும் அப்படித்தான். நானே அவரைத் 'தலைவர்' என்றுதான் சொல்வேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசியவர் இல்லை. கெட்ட மனுஷர் என்று சொல்லவில்லை. அவருக்கு அது வராது.

அவர் இளகுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் மகள் சுபா. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ராஜபாளையத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்ததும் நேராக அப்பா முன்னால் போய் நிற்பாள். "என்ன தலைவரு, மூஞ்சி உம்முனு இருக்கு? இன்னைக்கு எந்தக் கேஸுல தோத்தீக?" என்பாள். ஊரே பயப்படுகிற மனுஷர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அவளிடம் மட்டும் முழங்கால் வலிக்கிறது என்று சொல்வார். பழைய சிநேகிதன் ஒருவன் எல்லையில் செத்துப்போனதை அவளிடம்தான் சொல்லியிருந்தார். எனக்கே அது அவள் சொல்லித்தான் தெரியும்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். ராஜபாளையத்தில் பார்த்து, மதுரைக்குக் கொண்டுபோனோம். ஐசியூவில் வைத்தார்கள். காய்ச்சல் மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆம்புலன்ஸில் அவளைத் திரும்பக் கொண்டுவந்தோம்.

அன்றைக்கு இவர் நின்ற நிலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பந்தல் எங்கே போடுவது, வெளியூர்க்காரர்கள் வண்டியை எங்கே நிறுத்துவது, எல்லாருக்கும் தண்ணீர் கிடைத்ததா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தன் தோளில் விழுந்து அழுதவர்களை இவர்தான் தேற்றினார். "அழுவாதீக. ஆக வேண்டியதப் பாருங்க" என்றார். பார்த்தவர்கள் மெச்சினார்கள். "எம்புட்டுத் தைரியம் பாத்தியா, மனுசன் கல்லு மாதிரி நிக்காரு" என்று என் காதுபடவே பேசினார்கள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாளே முன்னறையில் உட்கார்ந்து மடைத் தகராறு கேட்டார்.

அதற்குப் பிறகு சுபாவின் பெயரை அவர் வாயால் சொல்லவேயில்லை. நான் சொன்னால் எழுந்து தோப்புக்குப் போய்விடுவார். அவள் அறைப் பக்கம் திரும்ப மாட்டார். நான் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். சேர்ந்து அழ ஆள் இல்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, ஒரு தடவ அழுதுருங்க. நான்தான் இருக்கேன். வேற யாரு பாக்கப் போறா?" என்றேன்.

கையை மெதுவாக விலக்கினார். "ஊரே என்னப் பாத்துக்கிட்டு இருக்கு செல்வி. நான் உக்காந்துட்டா அம்புட்டும் உக்காந்துரும்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு.

பிறகு உடம்பு கெட ஆரம்பித்தது. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டுக் கை கழுவுவார். சட்டை தொளதொளத்துவிட்டது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தினார். ஒரு காலையில், தோப்புகளில் யானை புகுந்து தென்னைகளைச் சாய்த்துப் போட்டுவிட்டது என்று ஊரே வாசலில் கூடியிருந்தது. இவர் பேச எழுந்தார். வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார்.

ராஜபாளையத்தில் டாக்டர் எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இருதயம் நல்லாத்தான்மா இருக்கு. மக இறந்ததுக்கு அப்பொறம் சார் அழுதாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மருந்து குடுக்கேன். ஆனா மருந்தால மட்டும் சரியாகாதும்மா. மனசுல இருக்கிறத யார்கிட்டயாவது எறக்கி வைக்கணும்" என்றார். இவரிடம் அதைச் சொன்னேன். "டாக்டருக்கு வேற வேல இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் போக்கிடம் ஒன்றுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மகள் போன பிறகு எந்தக் கோயிலுக்கும் போகக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தவள் நான். ஆனால் நாச்சியார் முன்னால் போய் நின்றதும் கோபப்பட முடியவில்லை. நாச்சியாரை வளர்த்த அப்பாதான் நினைவுக்கு வந்தார். துளசிச் செடியடியில் கண்டெடுத்து, ஒற்றை மகளாக வளர்த்து, பெருமாளுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக வீடு திரும்பியவர். அந்த வெறும் வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்று இவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

"தாயே, என் மகளத் திருப்பித் தான்னு நான் கேக்கல. என் வீட்டுக்காரவியள மட்டும் அழ வையி" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கண்ணீரை நிறுத்து என்றுதான் எல்லாரும் வேண்டுவார்கள். நான் கண்ணீரைக் கேட்டேன்.

வாரங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. இவர் இன்னும் மெலிந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே, போய் என்ன ஆகப்போகிறது என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். நம்பிக்கை அந்த அளவுக்கு விட்டுப்போயிருந்தது.

அதற்கடுத்து ஆடி பிறந்தது. நாச்சியாரின் தேருக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஊர்க் காரியமாக இவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூட்டம். நானும் வருகிறேன் என்றேன். மறுக்கவில்லை. அவர்தான் கார் ஓட்டினார். கூட்டம் முடிந்ததும், "நீ போயிக் கும்பிட்டுட்டு வா. நான் இங்ஙனயே நிக்கேன்" என்றார்.

நான் சீக்கிரமே திரும்பிவிட்டேன். தேரடித் தெருவில் திருவிழாக் கடைகள் போட்டிருந்தார்கள். இவர் ஒரு வளையல் கடை முன்னால் நின்றிருந்தார். கையில் பச்சைக் கண்ணாடி வளையல். கடைக்காரப் பெண், "யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"மகளுக்கு."

"அளவு தெரியுமா?"

"ரெண்டு நாலு."

யோசிக்கவேயில்லை. சுபாவின் கை அளவு அவருக்குத் தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பெண் வளையலைத் தாளில் சுற்றிக்கொண்டே, "பிள்ளையயும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா? கைல போட்டே விட்டிருப்பேன்" என்றாள்.

இவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். திரும்பினார். நான் நிற்பதைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வழி தவறிப்போன பிள்ளையின் முகம்.

அவர் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டி வந்தேன். உட்கார்ந்தார். சாவியைப் போடப் பார்த்தார், துளை அகப்படவில்லை. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

"செல்வி, அவ இல்லையேட்டி" என்றார்.

"ஆமாங்க."

"என்னையச் செத்த நேரம் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். என் தோளில் முகத்தை வைத்து அழுதார். அழுகையா அது! அடிவயிற்றிலிருந்து வந்தது. வெளியே கொட்டுச் சத்தமும் கோவிந்தா கோஷமுமாக இருந்தது. எங்களை யாரும் பார்க்கவில்லை. நானும் அழுதேன். குழாய்ச் சத்தம் வேண்டியிருக்கவில்லை எனக்கு.

அழுகைக்கு நடுவில் ஒன்று சொன்னார். ஆஸ்பத்திரியில் நினைவு தப்புவதற்கு முன்னால் சுபா அவர் கையைப் பிடித்து, 'அப்பா, பயமா இருக்கு' என்றாளாம். "பயப்படக் கூடாது, தைரியமா இருன்னு சொன்னேன் செல்வி. பட்டாளத்துப் பயலுகளுக்குச் சொல்ற மாதிரி. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அத அவகிட்டச் சொல்லியிருந்தா பிள்ளைக்கு ஒரு தொணையா இருந்திருக்கும்ல?"

இதைத்தான் இத்தனை மாதமும் ஒற்றையாகச் சுமந்திருக்கிறார். "அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்ங்க. உங்க மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிக்கிறவ அவ" என்றேன். அது உண்மையும்கூட.

பிறகு இரண்டு பேரும் கோயிலுக்குள் போனோம். அந்த வளையலை நாச்சியாருக்குக் கொடுத்தோம். கண் சிவந்திருந்ததை இவர் மறைக்கவில்லை. திரும்பும் வழியில் கடையில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். இட்லி சாப்பிட்டதைப் போய் நாச்சியாரின் அருளென்று எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். நான் அன்றைக்கு அதைப் பார்த்துத்தான் கைகூப்பினேன்.

எங்கள் துக்கம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சுபா வரப்போவதில்லை. அவள் அறையைத் திறக்கும்போதெல்லாம் இன்னும் அழுகிறேன். ஆனால் இப்போது அந்த அறைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம். ஆட்கள் எல்லாம் கலைந்த பிறகு இவர் அடுப்படிக்கு வந்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இன்னைக்கு அவ நெனப்பாவே இருக்கு" என்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். முழங்கால் வலியை என்னிடம் சொல்கிறார். பயத்தையும் சொல்கிறார். வெளியே அவர் இன்றைக்கும் தலைவர்தான். ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை.

சென்ற மாதம் செட்டியார்பட்டியில் இவருடைய சிநேகிதரின் மனைவி தவறிவிட்டார். அந்தச் சிநேகிதர் போலீஸில் பெரிய பதவியில் இருந்தவர். நாங்கள் போனபோது விறைப்பாக நின்று வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் அவரைத் தோளோடு அணைத்து உள்ளறைக்குக் கூட்டிப்போனார். "செத்த நேரம் இங்ஙன இரும். நான் வெளிய நிக்கேன். ஒருத்தரும் உள்ள வர மாட்டாக" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

உள்ளே அந்தப் பெரிய மனுஷர் அழுகிற சத்தம் கேட்டது. அது ஓய்கிறவரை இவர் கதவுக்கு முன்னால் காவல் நின்றார்.

உங்கள் வீட்டிலும் பத்துப் பேரைத் தாங்குகிற ஒருவர் இருக்கலாம். அவர் சாய ஓர் இடம் இல்லாமல் தவிக்கிறார் என்று தோன்றினால், நாச்சியாரிடம் போங்கள். நான் பஸ் நிறுத்தத்தோடு திரும்பிவிட்ட வாரத்திலும் அவள் என்னை விட்டுவிடவில்லை. அவருக்காக மட்டும்தான் நான் கேட்டேன். அழும்போது பிடித்துக்கொள்ள எனக்கும் ஒரு துணையை அவள் கொடுத்தாள்.