ஜாம் போத்தலில் லேகியம்

சண்டைக்காலத்தில் என் கணவருக்கு நித்திரை வருவதே இல்லை. திருகோணமலை நகரில் இருந்த பதிவுபெற்ற ஆயுர்வேத வைத்தியர், கஞ்சா அளவாகச் சேர்த்த லேகியம் தந்தார். அவருக்கு அதற்குச் சட்டப்படி அனுமதி இருந்தது. நான் கொண்டுபோன ஜாம் போத்தலில் நிரப்பி, "கஞ்சா சேர்ந்த மருந்து" என்று லேபிளும் ஒட்டினார். எங்கள் ஊரான சல்லியில் அயலவர் வாசித்தால் கதை பரவுமே என்று வெட்கப்பட்டு, வாசலைத் தாண்டியதும் லேபிளை உரித்தெறிந்தேன்.

ஊர் திரும்பும் வழியில், இராணுவக் காவலரணான சென்றியில் நின்ற சிப்பாய் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

"கஞ்சாவா?"

"ஓம், மருந்து."

"வைத்தியர் எழுதின துண்டுச் சீட்டு எங்கே?"

என்னிடம் ஒன்றும் இல்லை. போத்தலை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஆனாலும், "ஏலாது. வைத்தியரைக் கேளுங்கோ" என்று வெயிலில் அங்கேயே நின்றேன்.

கடைசியில் சென்றிக்குப் பொறுப்பான அதிகாரி வைத்தியரைக் கூட்டிவர ஆளனுப்பினார். வைத்தியர் பதிவுப் புத்தகத்தோடு சைக்கிளில் வந்து, என் கணவரின் பெயரைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி போத்தலைத் திருப்பித் தந்துவிட்டு, வைத்தியரிடம் மெல்லக் கேட்டார்: "எனக்கும் நித்திரை இல்லை. எப்போது வரலாம்?"

இப்போது எங்கள் அலுமாரியில் எல்லா மருந்தும் லேபிள் முன்னுக்குத் தெரியத்தான் இருக்கிறது. அயலவர் வாசிக்கட்டும்.