பச்சைப் புள்ளி ஒட்டிய பன்

போன வாரம் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எங்கள் பேக்கரிக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆய்வுக்கு வருகிறார் என்று தெரிந்தது. கடலூரில் எப்போதும் ஏறும் பஸ்ஸை விட்டுவிட்டு, விடிவதற்கு முன்பே கிளம்பும் பஸ்ஸைப் பிடித்தேன்.

2. சிதம்பரத்தில் இறங்கிக் கடைக்குள் நுழைந்தேன். மாஸ்டர் சாதிக் பாய் பன் ட்ரேயை ஓவனுக்குள் தள்ளத் தயாராக நின்றிருந்தார். ஒரு கையில் பிரஷ். பக்கத்தில் ஒரு கிண்ணம்.

3. கிண்ணத்தில் அடித்து வைத்த முட்டை.

4. அந்தப் பன்னைத்தான் கடை திறந்த நாள் முதல் பச்சைப் புள்ளி ஒட்டி, சைவம் என்று விற்றுக்கொண்டிருக்கிறேன்.

5. ஆய்வு நடந்தது. எல்லாம் சரி என்றார் அலுவலர்.

6. பக்கத்து ஜெராக்ஸ் கடை செல்வி அக்கா வந்தார். இந்தப் புரட்டாசி முழுவதும் கவிச்சி தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டிருப்பவர். முட்டையும் அதில் சேர்த்தி. வழக்கம்போல டீக்கு ஒரு பன் கேட்டார்.

7. கொடுத்தேன்.

இந்த வாரப் பக்கம் முழுக்க அந்த ஏழாவதைப் பற்றித்தான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். ஒரு பிஸ்கட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்துவிட்டு, சிதம்பரத்தில் சின்னதாக ஒரு பேக்கரி தொடங்கியவள். பேக்கரி ஆரம்பிக்க என்னென்ன வேண்டும் என்று இங்கே ஒரு முறை பட்டியல் போட்டிருந்தேன். அதிலிருந்து கேள்விகள் நிற்கவே இல்லை. கீரப்பாளையத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு வாசகி போன மாதம்கூடக் கேட்டிருந்தார் — "டிகிரி இல்லாம லைசென்ஸ் குடுப்பாங்களா மேடம்?"

கொடுப்பார்கள். சின்ன அளவில் செய்பவரிடம் சட்டம் டிகிரி கேட்பதில்லை. விற்பனை ஒரு வரம்புக்குள் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு; வரம்பைத் தாண்டினால் லைசென்ஸ். நகராட்சியில் தொழில் உரிமம். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை. மாவில் கை வைக்கும் எல்லோருக்கும் டாக்டர் சர்டிபிகேட். முத்திரை வைத்த தராசு. உணவுப் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று முடித்திருந்தால் நல்லது. பாக்கெட்டில் போட்டு விற்றால் லேபிள் — அதில் என்ன சேர்த்தோம், என்று செய்தோம், எதுவரை சாப்பிடலாம், பதிவு எண். அப்புறம் அந்தக் குறி. சைவம் என்றால் பச்சைப் புள்ளி. அசைவம் என்றால் பழுப்பு முக்கோணம். சட்டத்தின் கணக்கில் பால் சைவம், முட்டை அசைவம்.

என்னிடம் இதெல்லாம் இருந்தது. ஒன்று விடாமல் இருந்தது. லேமினேட் செய்து, கல்லாவுக்குப் பின்னால் வரிசையாக மாட்டியிருந்தேன். லேமினேட் செய்து கொடுத்தது யார்? செல்வி அக்காதான். பதிவு விண்ணப்பத்தை ஆன்லைனில் தட்டி அனுப்பியதும் அவர்தான். "போட்டோவுல கொஞ்சம் சிரிச்சா என்னா பாப்பா, கேஸ் குடுக்க வந்தவ மாதிரி இருக்க" என்று என் படத்தை அப்லோட் செய்தவர்.

அப்படியானால் முட்டை எப்படி என் கண்ணில் படாமல் போனது?

பன் விடியற்காலையில் வேகிறது. சாதிக் பாய் பரங்கிப்பேட்டைக்காரர். ஷார்ஜாவில் பல வருடம் பேக்கரியில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவர். நான் எட்டு மணிக்கு வந்து சேரும்போது பன் ஆறியிருக்கும், பாய் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். பிறகு நான் உட்கார்ந்து ஒவ்வொரு பன்னையும் கவரில் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுவேன். செய்பவர் ஒட்டுவதைப் பார்த்ததில்லை. ஒட்டுபவள் செய்வதைப் பார்த்ததில்லை. கடை திறக்கும் முன் அவரிடம் ரெசிபி கேட்டு லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டேன். மைதா, சர்க்கரை, ஈஸ்ட், பால், வனஸ்பதி, உப்பு. முட்டை இல்லை. பச்சைப் புள்ளி அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன்.

முட்டை வாங்குவது தெரியுமே? தெரியும். அது கேக்குக்கு என்று நினைத்தேன். கேக் விற்காத நாட்களிலும் முட்டை தீர்ந்தது. கேக்கை எண்ணினேன். முட்டையை எண்ணவில்லை.

அன்று காலை பிரஷைப் பார்த்ததும், "பாய், இது என்ன?" என்றேன்.

"முட்டைம்மா. ஷைனிங்குக்கு."

"ரெசிபியில சொல்லவே இல்லையே?"

"மாவுல என்னா போடுறேன்னு கேட்டீங்க, சொன்னேன். இது மேல பூசறதும்மா. ஷார்ஜாவுலயும் பூசினேன், ஊருலயும் பூசறேன். பூசலன்னா பன்னு ஜுரத்துல படுத்து எழுந்த மூஞ்சி மாதிரி இருக்கும்."

அவர் சொன்னதில் தவறே இல்லை. ஊரில் எந்த பேக்கரியிலும் இப்படித்தான். டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் கிடக்கும் பன்னுக்கும் இதே பூச்சுதான். ஆனால் அந்த ஜாடி எந்த வாக்குறுதியும் தருவதில்லை. நான்தான் கவர் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, சைவம் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆய்வுக்குக் கடையைத் தயார் செய்ய வேண்டியிருந்தது, மேலே பேச நேரமில்லை. பன் ஆறியதும் வழக்கம்போல ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன், அலுவலர் வந்துவிட்டார்.

நிதானமான மனிதர். தண்ணீர் டேங்க் பார்த்தார், மாவு மூட்டை தரையில் படாமல் இருக்கிறதா என்று பார்த்தார், சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசியில் ட்ரே பக்கம் வந்து ஒரு பன்னைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா பளபளன்னு இருக்கு. இந்த லேபிள் மாதிரி எல்லாரும் ஒட்டினா எங்களுக்கு வேலையே இருக்காதும்மா."

பின்னால் சாதிக் பாய் நின்றிருந்தார். நானும் நின்றிருந்தேன். அப்போதுதான் செல்வி அக்கா கையில் டீ கிளாஸோடு வந்தார். அலுவலரைப் பார்த்ததும் எனக்காகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"சார், நான் மாசம் பொறந்ததுலேருந்து காலையில இந்த பன்னுதான் சாப்புடுறேன். விரதம் சார். ஹோட்டல்ல எல்லாம் என்னா கரண்டி போடறாங்களோன்னு பயம். இந்தப் பொண்ணு கடைன்னா கண்ண மூடிக்கிட்டு சாப்புடலாம்."

அக்காவின் மகள் திருவதிகையில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு முறை கரு கலைந்து, இப்போது மூன்றாவது. எட்டாம் மாதம். அதற்காகத்தான் அந்த வேண்டுதல். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை, எனக்குச் சொல்லியிருந்தார்.

நான் கவரில் இருந்த ஒரு பன்னை எடுத்தேன். பச்சைப் புள்ளி மேல்பக்கம் தெரிய நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு போனார்.

அலுவலர் கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகு முட்டைக் கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போட்டேன். சாதிக் பாய், "அந்தம்மா விரதம்னு எனக்குத் தெரியாதேம்மா" என்றார். "நானும் நோன்பு வெக்கிறவன்தான்." பிறகு, "நாளைலேருந்து பால் பூசிடறேன். பளபளப்பு கம்மியா இருக்கும், அவ்வளோதான். அவுங்ககிட்ட சொல்லணுமா?"

சொல்லணும் பாய் என்று உடனே சொன்னேன் என எழுத ஆசையாக இருக்கிறது. நான் சொன்னது, "பாக்கலாம்."

கம்பெனியில் இப்படி ஒரு தவறு நடந்தால் என்ன செய்வது என்று எனக்கு மனப்பாடம். காரணம் கண்டுபிடி, சரிசெய், சந்தைக்குப் போன சரக்கைத் திரும்பப் பெறு. முதல் இரண்டும் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டன. மூன்றாவது? சாப்பிட்ட பன்னை யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது? கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே நிறைய நியாயம் சொல்லிக்கொண்டேன். தெரியாமல் சாப்பிட்டால் விரதம் கலையாது... சொன்னால் அந்த மனுஷிக்கு வீண் கவலைதானே... பிரசவ நேரத்தில் எதற்கு... எல்லாமே அவருடைய நன்மைக்காக என்பது போலவே இருந்தது. அதில் ஒன்றுகூட, என் கடைக்காகத்தான் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

வழியில் பழைய ஆற்றுப் பாலம் ஒன்றைத் தாண்டும்போது அதைக் கவனித்தேன். அதற்குப் பிறகு நியாயம் எதுவும் வரவில்லை.

மறுநாள் ஜெராக்ஸ் கடை ஷட்டர் ஏறியதும் போய் நின்றேன்.

"என்னா பாப்பா, ஆபீசர் மறுபடியும் வராரா?"

"இல்லக்கா. பன்னுல முட்டை இருந்திருக்கு. மேல பூசியிருக்காங்க. எனக்கு நேத்து காலையிலதான் தெரிஞ்சுது."

அவர் யாருடைய ஆதார் கார்டையோ மெஷினில் வைத்துக்கொண்டிருந்தார். மூடியை மெதுவாக இறக்கினார்.

"எத்தினி நாளா?"

"கடை தொறந்ததுலேருந்துக்கா."

"அப்ப நான் மாசம் பொறந்ததுலேருந்து..." முடிக்கவில்லை. விரலை மடக்கி எதையோ எண்ணத் தொடங்கி, அதையும் விட்டுவிட்டார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"காலையில தெரிஞ்சுதுன்ற. நான் வந்தது அதுக்கப்புறம்தான? நேத்து எனக்குக் குடுக்கசொல்ல உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

இந்தக் கேள்வி வராது என்று நம்பித்தான் போயிருந்தேன்.

"தெரியும்."

"ஆபீசர் நின்னாருன்னு குடுத்தியா?"

"ஆமாக்கா."

"பன்னு தீந்துபோச்சின்னு சொல்லியிருக்கலாமே. அதுவும் பொய்தான். அந்தப் பொய்ய சொல்லியிருக்கலாமே பாப்பா."

எனக்கு அது தோன்றவே இல்லை. அலுவலர் முன்னால் ஒரு ட்ரே நிறைய பன் இருக்கும்போது தீர்ந்துவிட்டது என்றால் அவருக்குச் சந்தேகம் வருமே என்றுகூட நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அந்த அளவுக்காவது அக்கா என் நினைவில் இருந்தார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் திரும்பி மெஷின் பட்டனை அழுத்தினார். ஒரு காப்பி போதும், காப்பி மேல் காப்பியாக வந்துகொண்டே இருந்தது. நான் வந்துவிட்டேன்.

அன்றைக்கே அலுவலருக்கும் போன் செய்தேன். "நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். எழுத்தில் கேட்டார், கொடுத்தேன். கடைக் கண்ணாடியில், இதுவரை விற்ற பன்னில் முட்டை பூசப்பட்டிருந்தது, சைவம் என்று போட்டது எங்கள் தவறு என்று எழுதி ஒட்டினேன். ஒருவர் படித்துவிட்டு, "எல்லாச் சனிக்கிழமையும் வாங்கினனே" என்று சொல்லிவிட்டு எதுவும் வாங்காமல் போனார். ஒரு காலேஜ் பையன், "புரோட்டீன்தானக்கா, இதுக்குப் போயி போர்டு வெச்சிருக்கீங்க?" என்று இரண்டு பன் வாங்கினான். வாங்காமல் போனவரைவிட அந்தப் பையன்தான் என்னை அதிகம் கூச வைத்தான். ஒரு நாள் முன்பு நானும் கிட்டத்தட்ட அப்படித்தானே நினைத்தேன்?

கீரப்பாளையம் வாசகிக்கு: பட்டியலில் எதையும் நீக்க வேண்டாம். எல்லாச் சான்றிதழும் வாங்குங்கள், எல்லாம் தேவைதான். லேபிளை அச்சடிக்கும் முன் ஒரு நாள், மாவு சலிப்பதிலிருந்து ஓவன் கதவு மூடுவது வரை பக்கத்திலேயே நில்லுங்கள். கேட்டு எழுதாதீர்கள், பார்த்து எழுதுங்கள். அப்புறம், எல்லாம் சரி என்று யாராவது சொல்லும் நேரத்தில் சரியில்லாதது உங்களுக்கு மட்டும் தெரிந்தால், அங்கேயே வாயைத் திறந்துவிடுங்கள். இதற்கு எந்த ஆபீஸிலும் சர்டிபிகேட் தருவதில்லை. தந்தாலும் எனக்குக் கிடைக்காது.

இனி, நிலவரம்.

துறையின் நோட்டீஸ் வரும்; வந்ததும் பதில் தருவேன். நான் இப்போது வாரத்தில் பாதி நாள் விடியற்காலை பஸ்ஸில் போகிறேன். சாதிக் பாய் பால் பூசுகிறார். பன் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது. கேக்குகளில் பழுப்பு முக்கோணம் ஒட்டியிருக்கிறது. பாயிடம் செல்வி அக்கா எப்போதும்போலப் பேசுகிறார், "உங்க மேல ஒண்ணும் இல்ல பாய்" என்றாராம். மகள் நன்றாக இருக்கிறாள் என்பதும் பாய் கேட்டுச் சொன்னதுதான். அக்கா தன் விரதக் கணக்கை மறுநாளிலிருந்து புதிதாகத் தொடங்கிவிட்டார். புரட்டாசியில் போனதை ஐப்பசியில் சேர்த்து ஒரு முழு மாதம் ஆக்குவாராம். தீபாவளிக்கும் அவர் வீட்டில் கறி கிடையாது.

பன்னில் இப்போது முட்டை இல்லை. செல்வி அக்கா வாங்குவதில்லை.