ஓடுகிற குதிரையைக் கீறும் மகள்

மகளின் வலது மணிக்கட்டில் இன்னும் மஞ்சளாக ஓர் அடையாளம் இருக்கிறது. வீக்கம் வற்றிவிட்டது. அந்தக் கையால் அவள் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் நான் விரல்களைப் பார்க்கிறேன். "பாக்காதீங்கம்மா, நீங்க பாத்தாத்தான் கை நடுங்குது" என்கிறாள். பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

மகள் ஓவியம் படிக்கிறாள், கடைசி வருடம். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல்காரர் தங்கள் முன் மண்டபத்துக்கு இரண்டு படங்கள் கேட்டிருந்தார். அவர்களிடம் ஒரு குதிரை இருக்கிறது. வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரையில் நடக்கிற குதிரை. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு. ஒரு படத்தில் அது நிற்க வேண்டும், முகம் பெரிதாகத் தெரிய வேண்டும். மற்றதில் ஓட வேண்டும். அவளுடைய முதல் வேலை. நான் அவளைவிட அதிகம் சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். படம் கீறுவதில் என்ன ஆபத்து வரும்?

ஓடுகிற குதிரையை அவள் கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தே கீறி முடித்தாள். அழகாக இருந்தது. எனக்கு அப்படித்தான் பட்டது. அவள் இரண்டு நாள் அதைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சிரிக்கத் தொடங்கினாள்.

"என்ன புள்ள, என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?"

"முன்கால் ரெண்டும் ஒண்டாத் தூக்கி, பின்கால் ரெண்டும் ஒண்டா ஊண்டி இரிக்கி. இது ஓடுற குதிரை இல்லம்மா. ஆக்கள் தோளில தூக்கிக்கொண்டு போற குதிரை."

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. கோயில் வாகனம். சிறுவயதிலிருந்து நாங்கள் கண்ட குதிரை அது ஒன்றுதானே. மரக் குதிரை, திருவிழாவில் வீதி சுற்றும், ஒரு காலையும் தானாக அசைக்காது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் குதிரை கீறச் சொன்னால் எல்லோரும் அதைத்தான் கீறுவார்கள்.

"போன்ல எவ்வளவு வீடியோ இரிக்கி. பாத்துத் திருத்துங்கவன்."

"எல்லாம் பாத்திட்டன். போன்ல குதிரைக்குப் பாரம் இல்லம்மா. மண் தெறிக்கிறத்தப் பாக்கோணும். கீழ இருந்து பாக்கோணும்."

கீழே இருந்து என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எங்கே போனாலும் எனக்குப் பயம்தான். வாவியில் தோணி ஏறினால், மழையில் பாலம் கடந்தால், பஸ் பிந்தினால். தனியே விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். இரண்டு பஸ் மாறி, பிறகு ஓட்டோ பிடித்து, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். வெயிலுக்கென்று என் கறுப்புக் குடை கையில் இருந்தது.

குதிரையைப் பராமரிப்பவர் ஓட்டமாவடிக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர். கத்தாரில் ஒரு குதிரை லாயத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவராம். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற மாதிரி மகள் அவரை நானா என்றாள். நான் படிப்பிக்கிறவள் என்று கேட்டறிந்து அவர் என்னை டீச்சர் ஆக்கிக்கொண்டார்.

"பயப்பிடாதீங்க டீச்சர். நான் தண்ணிக் கரையால ஓட்டிக்கொண்டு போவன். தங்கச்சி மேல மண்ணில இரிக்கட்டும். நடுவில எவ்வளவு இடம் கிடக்கு, பாருங்க."

இடம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஈர மணல் பாய் விரித்ததுபோல் கிடந்தது. அதற்கு மேலே உலர்ந்த மணலில் மகள் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, படப் பலகையை முன்னால் வைத்துக்கொண்டாள். கன்னம் மணலில் முட்டும் அளவுக்குத் தலையைத் தாழ்த்தியிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் ஒரு படகின் நிழலில் நின்றேன். முதல் தடவை அவரை ஏற்றிக்கொண்டு குதிரை போனது. இரண்டாம் தடவை இன்னும் வேகமாகப் போனது. ஒவ்வொரு முறையும் மகளின் கை பலகையில் பறந்தது. தலை நிமிரவில்லை.

மூன்றாம் தடவை அவர் தொலைவில் போய்த் திருப்பி வந்தார். தூரத்திலிருந்து நேரே வருகிற மிருகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது. பெரிதாகிக்கொண்டே வரும், அவ்வளவுதான். கால்கள் மாறி மாறி மணலை வாரி எறிந்தன. அது மகளை நோக்கித்தான் வருகிறது என்று எனக்குப் பட்டது. பட்டதல்ல, நான் கண்ணால் கண்டேன். இன்று கேட்டாலும் கண்டேன் என்றுதான் சொல்வேன்.

நான் பிறந்தது பழுகாமத்தில். விளைந்து நிற்கும் வயல் வட்டைக்குள் மாடு விழுந்தடித்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். ஓடக்கூடாது. அதற்கு நேர் முன்னால் போய் நின்று, சத்தம் போட்டு, குடை இருந்தால் சட்டென்று விரிக்க வேண்டும். மாடு மிரண்டு நின்று வந்த வழியே திரும்பும். எருமையும் திரும்பும். என் அப்பா செய்ததைக் கண்டிருக்கிறேன், நானே செய்தும் இருக்கிறேன்.

மகளைத் தாண்டி ஓடி, ஈர மணலில் இறங்கி, குதிரைக்கு முன்னால் நின்று, "ஹேய்!" என்று கத்திக்கொண்டு குடையை விரித்தேன்.

மாடு செய்வதைக் குதிரை செய்யவில்லை. அது நிற்கவுமில்லை, வந்த வழியே திரும்பவுமில்லை. ஓட்டம் குறையாமல் பக்கவாட்டில் பாய்ந்தது. முன்னால் நானும் குடையும், ஒரு பக்கம் கடல். அதற்குக் கிடைத்த மற்றப் பக்கத்தில் என் பிள்ளை படுத்திருந்தாள்.

குதிரையின் வயிறு அவளுக்கு மேலால் போனதைக் கண்டேன். பலகை முறிந்த சத்தம் கேட்டது. அதை எலும்பு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு சிறிது நேரம் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நான் மணலில் முழங்காலில் இருந்தேன், மகளின் தலையைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தேன், இரத்தம் எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரத்தம் எங்கும் இல்லை. வாய் முழுக்க மணல். அதைத் துப்பிவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை:

"அம்மா, கண்டீங்களா? முன்கால் ரெண்டும் நெஞ்சோட மடிஞ்சு இரிந்தது!"

அவள் முதுகில் ஓங்கி ஒன்று போட்டேன். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். கடற்கரையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

கழுத்தைக் கட்டிக்கொண்டு எப்படியோ விழாமல் தப்பிய அந்த மனிதர், குதிரையை எங்கேயோ போய் நிறுத்தி இழுத்துக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "டீச்சர்! குதிரை மாடில்ல, டீச்சர்!" என்று கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அல்லாஹ் காப்பாத்தினான். அதுதான் பாஞ்சு கடந்தது. கீழ ஆள் இரிந்தா அது மிதிக்கப் பாக்காது" என்றார். குதிரை நடுங்கிக்கொண்டிருந்தது. தோலின் கீழே ஏதோ ஓடுவதுபோல் நடுங்கியது.

பலகையின் ஓரம் மணிக்கட்டில் அடித்திருந்தது. எலும்பு முறியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில் அவள் இடக்கையால் கரித்துண்டைப் பிடித்து அந்த வயிற்றையும் மடிந்த கால்களையும் திரும்பத் திரும்பக் கீறினாள். கோணல் மாணலான கோடுகள். ஆனால் ஒவ்வொரு தாளைப் பார்க்கும்போதும் குதிரை எனக்கு மேலால் போனது. நான் அந்த அறையைக் கூட்டுவதை விட்டுவிட்டேன்.

"கட்டு அவிழ்த்தா மறுகாப் பாசிக்குடாவுக்குப் போவன்" என்றாள் ஒரு நாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஏலா. விடமாட்டன்."

"அப்ப நீங்களும் வாங்க."

போனேன். அன்று நிற்கிற படத்துக்காக முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நானா குதிரையைக் கயிற்றில் பிடித்து நிழலுக்குக் கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் அது நின்றது. காதுகள் பின்னால் படிந்தன, கண்ணின் வெள்ளை தெரிந்தது, மூக்கால் பெரிதாக ஊதியது. நான் குடை கொண்டு வரவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன், அதற்கு விளங்கும் என்பதுபோல்.

"டீச்சர், கோவிக்கப்படாது" என்றார் அவர். "உங்களத்தான் அதுக்குப் பயம். நீங்க நிண்டா இது அசையாம நிக்காது. அசைஞ்சா தங்கச்சிக்குத்தான் கரைச்சல்."

மகள் என்னைப் பார்த்தாள். போங்க என்று அவள் வாயால் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

நான் தெருவுக்கு வந்துவிட்டேன். ஹோட்டல் மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு சிறிய தேநீர்க் கடை இருக்கிறது. அங்கிருந்து கடற்கரை தெரியாது. கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்.

"என்னகா, ஆரையும் பாத்துக்கொண்டு இரிக்கிறீங்களா?"

"மகள் உள்ள குதிரை கீறுறா."

"குதிரையையா? அது நிக்குமா? கடலக் கீறச் சொல்லுங்கவன், அது சும்மாதானே கிடக்கு."

சொல்லி முடித்ததும் அவளே வாயை மூடிக்கொண்டாள். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எங்கள் வயதுக்காரர் யாரும் கடலைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. பிறகு நான் கேட்காமலே இன்னொரு தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

மதிலுக்கு அப்பால் குளம்புச் சத்தம் தொடங்கியது. நிற்கிற படத்தை முடித்துவிட்டாள் போலிருக்கிறது, ஓட விடச் சொல்லியிருக்கிறாள். சத்தம் நெருங்கி வந்தது. எழும்பினேன். கடைக்காரி என் முகத்தைப் பார்த்தாள். நான் திரும்ப உட்கார்ந்தேன். சத்தம் கடந்து போனது, தேய்ந்தது, நின்றது. மகளின் குரல் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். காற்றுத்தான் கேட்டது.

பிறகு குளம்புச் சத்தம் தூரத்தில் திரும்பி, மறுபடி வரத் தொடங்கியது.